பூட்டும் ஒரு தீயே!

தீயிட்டு எரிக்கப்பட்ட நூலகத்தைத் தமிழினம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், பூட்டிட்டு அழிக்கப்படும் நூலகத்தைப் பற்றி அதே தமிழினம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. தீ ஓர் இரவில் செய்து முடிப்பதைப் பூட்டுப் பத்தாண்டுகளில் செய்து முடிக்கிறது. தீயின் ஒளியில் பகைவன் முகம் தெரிகிறது, ஊரே திரண்டெழுகிறது. பூட்டின் இருளில் எவர் முகமும் தெரிவதில்லை; ஊர் உறங்குகிறது. அவ்வகையில் பூட்டுத் தீயினும் கொடியது என்க.

1981ஆம் ஆண்டு மேத் திங்களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் மூண்ட சிங்கள வன்முறையில், அந்நகரின் பொதுநூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. அந்நூலகம் அரசாணையால் பிறந்ததன்று. 1933இல் செல்லப்பா என்னும் ஒருவர் தம் இல்லத்திலிருந்த நூல்களைப் பிறர் படிப்பதற்குக் கொடுக்கத் தொடங்கிய சிறு முயற்சியே அதன் வித்து. மறு ஆண்டில் அது குடிக்கூலி அறையொன்றில் பொதுநூலகமாயிற்று. 1959இல் தனக்கென எடுப்பான கட்டடம் பெற்றது. ஒருவர் வீட்டு நூலடுக்கு ஒரு நாட்டின் நினைவகமாக வளர்ந்தது. அதனாலன்றோ, அதை அழித்தால் ஓர் இனத்தின் நினைவையே அழித்துவிடலாம் எனப் பகைவன் எண்ணினான்! நூலகத்தின் அருமையைத் தமிழன் உணர்ந்ததினும் கூர்மையாகப் பகைவன் உணர்ந்திருந்தான் என்பது எத்துணை வெட்கத்திற்குரிய உண்மை!

தமிழ்நாட்டில் நூலகத்திற்கு எவரும் தீ வைப்பதில்லை. இங்கு வேலை அமைதியாக நடைபெறும். முதலில் நூலகர் ஓய்வுபெறுவார், அவரிடம் நிரப்பப்படாது. பக்கத்தூர் நூலகர் 'கூடுதல் பொறுப்பு' ஏற்பார். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் கதவு திறக்கும். எந்த நாள் திறக்கும் என்று தெரியாமையால் வருவோர் குறைவர். பின்னர்க் கூரை ஒழுகும். நனைந்த நூல்கள் மூட்டைகளாகக் கட்டப்பட்டு மூலையில் அடுக்கப்படும். புதிய நூல்கள் வந்தாலும் வந்த கட்டு அவிழ்க்கப்படாது. பிறகு, 'படிக்க வருவாரில்லை' என்று கணக்கெழுதப்படும். கடைசியில், 'கட்டடம் வேறொன்றிற்கு வேண்டும். நூலகம் இப்போதைக்கு மூடப்படுகிறது' என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். அந்த 'இப்போதைக்கு' என்பதற்கு எல்லை ஏது? கதவில் தொங்கும் பூட்டு, ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த ஒரு கொலையின் கடைசிச் செயலேயாகும்.

இதனை யார் எதிர்ப்பது? நூலகத்தைத் தமதெனக் கருதுவோரே எதிர்ப்பர். அவ்வுரிமையுணர்வு எங்கிருந்து வரும் என்பதற்கு, மேற்குமலை அடிவாரத்தில் அருகருகே அமைந்துள்ள திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் நல்ல சான்றுகளாம்.

திருவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டிலேயே ஒரு பொதுநூலகம் தோன்றியது. அற்றைத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராயிருந்த பென்னிங்டன் என்னும் ஆங்கிலேயர் பெயரை அது தாங்கி நிற்கிறது. பெயர் அயலவனுடையதாயினும், அதைத் தோற்றுவித்துப் பேணியவர் அவ்வூர்ப் பெருமக்களே. அந்த ஆண்டின் அருமையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று சீவகசிந்தாமணி முழுமையாக அச்சேறவில்லை. அது வெளிவந்தது 1887இல். சிலப்பதிகாரம் முழுமையாக அச்சானது 1892இல். புறநானூறு வந்தது 1894இல். தமிழனின் முதற்பெருஞ் செல்வங்கள் பரண்களிலும் மடங்களிலும் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருந்த காலத்தில், அந்நூல்கள் வந்து அமர்வதற்கான அடுக்குகள் ஒரு சிற்றூரில் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தன! புறநானூற்றினும் அச்சு வடிவில் 19 ஆண்டு மூத்தது அந்நூலகம். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்து, 1910இல் இராமநாதபுர மாவட்டத்திற்கும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திற்கும் மாறி, ஆட்சி எல்லைகள் இருமுறை மாறியும் தான் மாறாமல் 150 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஊரார் தமதென்று கைக்கொண்ட நூலகத்தின் வாழ்நாள் இது.

இராசபாளையமோ நூற்பாலைகளின் ஊர். பஞ்சை நூலாக்கும் தொழிலில் பேர்பெற்ற அவ்வூர், ஏட்டு நூலையும் மறந்துவிடவில்லை. 'நூல்' என்னும் ஒரே சொல்லால் நெய்யும் இழையையும் அறிவுப் பனுவலையும் குறித்த தமிழனின் நுண்ணறிவு, அவ்வூரில் கண்கூடாக விளங்குகிறது. இழை உடலை மறைக்கும். பனுவல் அறியாமையை அகற்றும். ஓர் ஆலை மூடப்படுமானால் தொழிலாளர் வாயிலில் அமர்ந்து போராடுவர்; அது ஞாயமே. இன்னொரு நூலுக்குரிய ஆலை மூடப்படும்போது அதே வாயிலில் ஏன் எவரும் அமர்வதில்லை?

அவ்வூரையடுத்த முறம்பில்தான், 1902இல் சங்கரன்கோவிலில் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தம் இளமையில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். செல்வக் குடியிற் பிறந்து, வேண்டிய நூல்களையெல்லாம் விலைகொடுத்து வாங்கிக் குவித்தவரல்லர் அவர். வறுமையிலும் சொல்லாய்வை விடாது நடத்தி, செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகி, 1981இல் மறைந்தார். சென்னை அண்ணா சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பொருத்தமான பெயரே. ஆனால், தலைநகர நூலகத்திற்குப் பாவாணர் பெயரைச் சூட்டிவிட்டு, அவர் நடந்த சிற்றூர்களின் நூலகங்கள் பூட்டிக் கிடக்க விடுவோமாயின், அது பெயரளவு மதிப்பேயாகும். நாளைய பாவாணர் ஏதோ ஓர் ஊர்ப்புற நூலகத்தின் பலகையில்தான் இன்று அமர்ந்திருப்பார்; அவர் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

இனி, சட்டத்தைப் பார்ப்போம் என்றால், அதுவும் மக்கள் பக்கமே நிற்கிறது. சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. சீர்காழியிற் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதன் நெடுங்காலம் முயன்றதன் பயன் அது. இந்திய விடுதலைக்குப்பின் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றிய பெருமை தமிழகத்திற்கே உரியது. அது நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டில் முதலமைச்சராயிருந்தவர், இராசபாளையத்தைச் சேர்ந்த குமாரசாமி இராசா. தம் இல்லத்தையே அவ்வூர்க் காந்தி கலைமன்றத்திற்கு அளித்தவர் அவர். ஆட்சியிலிருந்தோர் தம் வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்த காலமும் உண்டு. பொதுவின் வீட்டை ஆட்சியிலிருப்போர் எடுத்துக்கொள்ளும் காலமும் உண்டு!

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலகவரி. இன்று தமிழ்நாட்டில் ஒவ்வோர் உருபா வீட்டுவரிக்கும் 10 காசு நூலகவரியாகத் தண்டப்படுகிறது. ஆயிரம் உருபா வீட்டுவரி செலுத்துவோன் நூறு உருபா நூலகத்திற்கென்றே தனியாகச் செலுத்துகிறான். நகராட்சியும் ஊராட்சியும் அதனைத் தண்டி, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு சேர்க்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது பல்லாண்டுகளாகப் பேசப்பட்டுவரும் குறையாகும். வரி கொடுத்தவனோ அதைக் கேட்பதில்லை. தான் கொடுப்பதே பலருக்குத் தெரியாது. வீட்டுவரிச் சீட்டை எடுத்துப் பார்க்கும் தமிழன், அதில் நூலகவரி என்னும் ஒரு வரியைக் காண்பான். அந்த ஒரு வரியே அவன் உரிமைப் பட்டயம். நூலகம் அரசு இடும் பிச்சையன்று. மக்கள் முன்பணம் கொடுத்து வாங்கிய உடைமை. விலைகொடுத்து வாங்கிய பொருளை விற்றவனே வந்து பறித்துச் செல்ல எந்த அறமும் இடந்தராது.

இவ்வுண்மையைத் தமிழ்நாடு ஒருமுறை நாடறிய நிலைநாட்டியது. சென்னைக் கோட்டூர்புரத்தில் ஒன்பது மாடிகளோடு, 12 இலக்கம் நூல்கள் கொள்ளத்தக்க அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செபுதம்பர் 15இல் திறக்கப்பட்டது. ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2இல், அந்நூலகம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டு, அக்கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்படும் என்று செயலலிதா அரசு அறிவித்தது. எழுத்தாளரும் மாணவரும் ஆசிரியரும் பொதுமக்களும் கொதித்தெழுந்தனர். வழக்குத் தொடுக்கப்பட்டது. இரண்டே நாளில், நவம்பர் 4இல், சென்னை உயர்முறைமன்றம் அம்முடிவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் தப்பியது.

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. மூட இயலாத நூலகம் முறையாகப் பேணப்படாமல் விடப்பட்டது. 2015இல் உயர்முறைமன்றமே வழக்கறிஞர்களை அனுப்பி நிலைமையைப் பார்வையிடச் செய்து, குறைகளைக் களையுமாறு அரசுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. இன்று அந்நூலகம் நாடோறும் படிப்போர் நிறைந்து விளங்குகிறது என்றால், அன்று எதிர்த்தவர்கள் ஒரு நாள் முழக்கத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல், ஆண்டுக்கணக்கில் வழக்கைத் தொடர்ந்து நடத்தியதே கரணியம். மூடுவதை எதிர்ப்பது பாதிப் போராட்டம். திறந்திருப்பதை உயிரோடு வைத்திருப்பது மறுபாதி.

அவ்வெதிர்ப்பின்போது ஒரு வினா எழுப்பப்பட்டது: 'குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாவா?' வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆயின், ஒரு பிள்ளையின் உடம்பை நோயினின்று காக்க, இன்னொரு பிள்ளையின் அறிவுக்கு உலை வைக்க வேண்டுமா? மருத்துவமனைக்கு இடமில்லாத நாடா இது? நலத்திட்டம் ஒன்றை முன்னிறுத்தி நூலகத்தை அகற்ற வருவோர் எல்லா ஊரிலும் உண்டு. ஓரிடத்தில் அலுவலகம் என்பர். இன்னோரிடத்தில் வணிக வளாகம் என்பர். மற்றோரிடத்தில் சாலை விரிவாக்கம் என்பர். எல்லாம் வேண்டியனவே. ஆனால், அவை ஒவ்வொன்றுக்கும் இடந்தேடும் கண்கள் ஏன் எப்போதும் நூலகத்தின்மேலேயே விழுகின்றன? எதிர்ப்பாரற்ற இடம் அதுவே என்னும் துணிவுதான்!

'கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கும்போது நூலகம் எதற்கு?' என்பது இன்றைய வினா. கைப்பேசியில் எல்லாம் இருப்பதில்லை. விற்பவன் வைத்திருப்பதே இருக்கிறது. ஐந்நூறு படியோ ஆயிரம் படியோ அச்சிடப்பட்டு, மறுபதிப்புக் காணாமற்போன தனித்தமிழ் நூல்கள் எத்தனை! சொல்லாய்வு நூல்களும் ஊர்வரலாறுகளும் சிற்றிதழ்த் தொகுதிகளும் எத்தனை! அவற்றுள் பல இன்றும் கிடைக்குமிடம் ஏதோ ஒரு பழைய நூலகத்தின் கீழடுக்கே. அவ்வடுக்கு எடைக்கு விற்கப்படும் நாளில் அந்நூல் உலகிலிருந்தே மறைகிறது. அதை எரித்தவன் என்று எவனையும் சுட்ட முடியாது. ஆனால், நூல் எரிந்தது எரிந்ததே. மேலும், தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றுக்கு நூலகக் கொள்முதலே மூச்சு. நூலகம் குறையக் குறையத் தமிழ் நூல் அச்சேறுவதும் குறையும்.

இன்னொரு கூற்று, 'பெருநூலகங்கள் கட்டப்படுகின்றனவே, சிறு நூலகங்கள் ஏன்?' என்பது. 2023 சூலை 15இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயலே. ஆயினும், இராசபாளையத்து ஆலையில் இரவுப்பணி முடித்து வரும் தொழிலாளி மதுரைக்கா செல்வான்? அரசுத் தேர்வுக்குப் படிக்கும் திருவில்லிபுத்தூர்ச் சிற்றூர்ப் பெண் நாடோறும் பேருந்துக் கட்டணம் கொடுத்து மதுரைக்குச் சென்று மீள்வாளா? ஆறு பெரிதாயினும், அவரவர் தெருக்கிணறு தூர்ந்தால் தாகம் தீராது. தமிழ்நாட்டின் 4,500க்கு மேற்பட்ட பொதுநூலகங்களில் மிகப் பெரும்பாலன கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களுமே. ஏழையின் பல்கலைக்கழகங்கள் அவை. சாதி கேளாது, கட்டணம் கேளாது, எவரும் எவர் பக்கத்திலும் அமர்ந்து படிக்கத்தக்க இடம் ஓர் ஊரில் வேறெது?

'படிக்க வருவாரில்லை' என்பார்க்கு, 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடந்ததே விடை. கனகசபை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றார். எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த காலம் அது. மக்கள் நூலகத்திற்கு வரவில்லையே என்று அவர் கதவை மூடவில்லை; நூலகத்தையே மக்களிடம் ஓட்டிச் சென்றார். எழுத்தறிவு பெருகிய இக்காலத்தில் வருவாரில்லை என்று சொல்வது, அழைப்பாரில்லை என்பதற்கு மறுபெயர்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. பிரித்தானியாவில் 2010க்குப் பின் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 800 பொதுநூலகங்கள் மூடப்பட்டன. செலவுச் சிக்கனம் என்பதே அங்குச் சொல்லப்பட்ட கரணியம். ஆனால், அங்கும் மக்கள் வாளாவிருக்கவில்லை. இசுட்டோனி சிட்ராட்போர்டு என்னும் சிறு நகரின் நூலகத்தை மூடக் கருதியபோது, 2011 சனவரியில் ஊரார் ஓர் அரிய வழி கண்டனர். கல்லெறியவில்லை, கதவை உடைக்கவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குரிய அளவு முழுவதற்கும் நூல்களை எடுத்துச் சென்றனர். அங்கிருந்த ஏறத்தாழ 16,000 நூல்களும் தீர்ந்து, அடுக்குகள் வெறுமையாயின. 'நூலகம் இல்லாவிடில் ஊர் இவ்வாறுதான் வெறுமையாகும்' என்று வாய்திறவாமலே காட்டினர். நூலகம் காக்கப்பட்டது. நூலைப் படிக்க எடுப்பதே ஒரு போராட்டக் கருவியாகும் என்பதை அச்சிறு நகர் உலகுக்கு உணர்த்திற்று.

தமிழர் கற்கவேண்டிய பாடம் இதுவே. பூட்டு விழுந்தபின் கூடிக் கூச்சலிடுவதினும், பூட்டுக்கு இடமின்றிச் செய்வதே அறிவுடைமை. தமிழுணர்வாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோருள், தம்மூர் நூலகத்தில் உறுப்பினராயிருப்போர் எத்தனை பேர்? மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கி, தமிழ் வாழும் வீட்டை எட்டியும் பாராதிருப்பது என்ன பற்று? கணக்கேட்டில் பெயர்கள் பெருகினால், வருவாரில்லை என்று எவனும் எழுத முடியாது. எடுக்கப்படும் ஒவ்வொரு தமிழ்நூலும் அக்கணக்கேட்டில் விழும் ஒரு வாக்கு.

இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் தமிழன்பர்கள் செய்யத்தக்கவை பல. வீட்டில் ஒவ்வொருவரும் உறுப்பினராகலாம். இயன்றோர் புரவலராகலாம். நூலகந்தோறும் படிப்போர் வட்டம் அமைத்துத் திங்கட்கு ஒருமுறை கூடலாம். நகராட்சியும் ஊராட்சியும் தண்டிய நூலகவரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். நூலகர் இடம் வெறுமையாகும் அன்றே நிரப்பக் கோரி வேண்டுகை விடுக்கலாம். கூரையில் முதல் ஒழுக்கு விழும்போதே குரல் கொடுக்கலாம். பத்தாண்டுக்குப்பின் நடத்தவேண்டிய பெரும்போராட்டத்தை இச்சிறு செயல்கள் தேவையற்றதாக்கும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு நாள் மூடும் ஆணை வருமாயின், அன்று எதிர்த்து நிற்பதற்கு ஊரே இருக்கும். அவ்வாணைத் தாளின் நெற்றியில் தமிழ்நாட்டரசின் முத்திரை இருக்கும். அம்முத்திரையில் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று மக்கள் போற்றும் கோபுரம் இருக்கும். அந்த மண்ணிற் பிறந்தோர் அத்தாளைக் கையிலேந்தி, 'இக்கோபுரத்தின் நிழலில் 1875 முதல் நூலகம் நடத்திய ஊர் இது. இதன் பெயரால் நூலகத்தைப் பூட்ட எவருக்கும் உரிமை கிடையாது' என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் எரிந்த நூல்களுக்காகத் தமிழினம் விட்ட கண்ணீர் மெய்யாயின், எரியாமல் எஞ்சியுள்ள நூல்களின்பால் அதற்குக் கடமை உண்டு. மாலையில் நூலகக் கதவு திறந்திருக்கும்போதே உள்ளே செல்க! உறுப்பினராகுக! ஒரு தமிழ்நூலைக் கையில் எடுத்து வருக! பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்க!